வறண்ட தோட்டத்து மணச்செடிகள்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டறிதல்

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன என்றாலும், அந்த மழை மாவட்டம் முழுவதும் ஒரே அளவில் பெய்வதில்லை. விளவங்கோடும் கல்குளமும் பச்சைப் பசேலென்று நனைந்து கிடக்கும் நாள்களில், ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், மயிலாடி, அஞ்சுகிராமம், கொட்டாரம் ஆகிய ஊர்களில் வானம் கறுத்து, காற்று மட்டும் வீசிவிட்டுப் போய்விடுவது வழக்கம். இந்தக் கிழக்குப் பகுதியில் வீட்டு முற்றத்தை அழகு செய்ய நினைப்பவர்களுக்கு, தண்ணீரை விழுங்கும் புல்தரையையும் வெளிநாட்டுப் பூச்செடிகளையும் விட, நொச்சி, பேய்மிரட்டி, விராலி, காட்டு எலுமிச்சை என்னும் குருந்து, கறிவேப்பிலை, துளசி, நாய்த்துளசி ஆகிய நம் மண்ணின் மணச்செடிகளும், நெடுங்காலமாக நம்மோடு வாழும் மருதாணியும் மிகப் பொருத்தமானவை. மருந்துவாழ்மலையின் அடிவாரத்திலும் சாலையோரப் பொற்றைகளிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தழைத்து நிற்கும் இச்செடிகளில் பல, வீட்டுக்கு வந்த பிறகு நோயுற்று நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்கான காரணம் பெரும்பாலும் பற்றாக்குறை அன்று. தண்ணீரும் உரமும் நிழலும் அளவுக்கு மீறிக் கிடைப்பதே ஆகும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன்பு, செடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல் நீளத்துக்கு மண்ணைத் தோண்டி ஈரத்தைப் பார்த்துவிட வேண்டும். கீழே வரும் வழிமுறைகள் அனைத்தும் அந்தச் சோதனையைச் செய்தாகிவிட்டது என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனால் செடி வாடுகிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

மிகுதியான செடிகளைக் கொல்வது இந்த நிலைதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவது நம் கையின் இயல்பு. ஆனால் ஈர மண்ணில் வாடும் செடிக்கு நீர் இல்லாமல் போகவில்லை. நீரை எடுக்கும் வேர்தான் இல்லாமல் போயிருக்கிறது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், வேர் மூச்சுவிட முடியாமல் நலிகிறது. நலிந்த வேரில் அழுகல் பூசணங்கள் எளிதாக நுழைகின்றன.

உறுதி செய்துகொள்ள, செடியின் ஒரு பக்கத்தில் மண்ணை மெல்ல விலக்கி, சிறு வேர் ஒன்றை இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்து இழுத்துப் பாருங்கள். நலமான வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிடும். நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மண்ணில் நிற்கும். மண்ணில் சாக்கடை வாடை வீசினால் ஐயமே வேண்டாம்.

பாதிக்கு மேல் வேர் நலமாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். தண்ணீரை உடனே நிறுத்தி, அடித்தண்டைச் சுற்றிக் குவித்திருக்கும் மண்ணையும் சாணத்தையும் சருகையும் விலக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி வெளியே தெரியும்படி செய்யுங்கள். வேர் இழந்த அளவுக்கு மேலே இலையையும் குறைக்க வேண்டும் என்பதால், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். அழுகல் தண்டை நெருங்கியிருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் செம்பு மருந்தைக் கலந்து வேர்ப்பகுதியில் ஒருமுறை ஊற்றலாம். நன்மை செய்யும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை மட்கிய சாணத்தில் கலந்து இடுவதும் நல்லதுதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இடக் கூடாது, ஏனெனில் செம்பு மருந்து அந்த நல்ல பூசணத்தையும் கெடுத்துவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

செடி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இடத்தைத் திருத்தாமல் விடக் கூடாது. ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் கொண்ட குழியில் தண்ணீரை நிரப்பி, அது முழுவதும் வடிந்த பின் மீண்டும் நிரப்பி, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்காவிட்டால் அந்த இடம் மணச்செடிக்கு ஏற்றதன்று. வீடு கட்டும்போது லாரியில் வந்த நிரப்பு மண்ணும், சிமென்ட் கலவை இறுகிக் கிடக்கும் சுவரோரமும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். அங்கே குழி தோண்டி நடுவதை விட, முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு மேடு அமைத்து அதன் மேல் நடுவதே சரி. மேட்டு மண்ணில் பருமணலும் சிறு ஜல்லியும் கலக்கலாம். எம்-சாண்ட் கலப்பதாயின் மாவு போன்ற தூசு நீக்கப்பட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லையேல் வடிகால் முன்னிலும் மோசமாகிவிடும்.

இங்கே கதம்பை என்னும் தேங்காய் நார்மட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்னையின் அடியில் கதம்பையைப் புதைத்து ஈரம் காக்கும் பழக்கம் நம் விளைகளில் நெடுங்காலமாக உண்டு. அது தென்னைக்கு நல்லது. அஞ்சுகிராமத்துக் கடலோர மணலில் நடும் மணச்செடிக்கும், குழியின் அடியில் ஒரு வரிசை கதம்பை உதவும். ஆனால் களி கலந்த மண்ணில் அதே கதம்பை மழைக்காலம் முழுவதும் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேரை அழுக வைத்துவிடும்.

செடி செழிப்பாக வளர்கிறது, ஆனால் மணம் இல்லை

இலை பெரிதாகவும் மென்மையாகவும் கரும்பச்சையாகவும் இருக்கிறது. கசக்கி முகர்ந்தால் பச்சைப் புல் வாசனைதான் வருகிறது. இதை நோய் என்று யாரும் கருதுவதில்லை என்றாலும், மணத்துக்காகவே வளர்க்கும் செடியில் இதுவே முதன்மையான குறை என்று நான் நினைக்கிறேன்.

துளசி, நாய்த்துளசி, பேய்மிரட்டி ஆகியவற்றில் மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் தங்கியிருக்கிறது. அதனால்தான் இலையை லேசாகத் தடவினாலே கையில் மணம் ஒட்டிக்கொள்கிறது. கறிவேப்பிலையிலும் குருந்திலும் எண்ணெய் இலையின் உள்ளே சிறு பைகளில் இருக்கிறது. குருந்தின் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்தப் பைகள் ஒளி ஊடுருவும் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் கசக்கினால்தான் மணம் வெளிவரும். எனவே மணம் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், காலை வெயில் ஏறிய பிறகு, மேலிருந்து மூன்றாவது நான்காவது இலையைக் கசக்கிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த உடனேயும் முதிர்ந்த அடி இலையிலும் சோதித்தால் தவறான முடிவுக்கே வருவீர்கள்.

உண்மையிலேயே மணம் குறைந்திருந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று நிழல்: நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்தில் இச்செடிகள் இலையை விரிக்குமே தவிர எண்ணெயைச் சேர்க்காது. மற்றொன்று தழைச்சத்து: யூரியாவும் புதுக்கோழி எருவும் இட்ட செடி விரைவாகத் தழைக்கும், அந்தத் தழையில் மணமும் இராது, பூச்சியை எதிர்க்கும் வலுவும் இராது. இன்னொன்று தினமும் நீர் பாய்ச்சுவது. நிலைபெற்ற நொச்சிக்கும் விராலிக்கும் கோடையில் பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விட்டாலே போதும். துளசிக்கு மட்டும் வாரம் இருமுறை தேவைப்படலாம். உரத்தை ஓராண்டு நிறுத்தி, கொழுத்த தளிர்களை வெட்டிவிட்டு, நீரின் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டினால், அடுத்து வரும் இலைகள் சிறிதாகவும் தடித்தும் மணத்தோடும் வரும். ஒரே நாளில் நீரை நிறுத்தினால் செடி அதிர்ந்துபோகும். படிப்படியாகச் செய்வதே முறை.

இலை விளிம்பு தீய்ந்தது போலக் கருகுகிறது

கருகல் செடியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே இங்கே முதல் கேள்வி. கடலை நோக்கிய பக்கத்தில் மட்டும் இருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. எல்லாப் பக்கத்திலும், குறிப்பாக முதிர்ந்த இலைகளின் நுனியில் தொடங்கி உள்நோக்கிப் பரவினால், குறை கிணற்று நீரில் இருக்கிறது. கடலோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பங்குனி, சித்திரை மாதங்களில் உவர்ப்பது நமக்குத் தெரிந்ததே. குடிக்கும்போது நாக்கில் படாத உப்பும், சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைக் கொண்டு தெரிந்துவிடும்.

நீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்ப்பது நல்லது. மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் 3 வரை செடியைத் தெரிந்தெடுத்து, கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். 3-க்கு மேல் போனால் மணச்செடிக்கு அந்த நீர் ஆகாது. உவர் நீரைக் கொண்டு சமாளிக்க வேண்டிய வீட்டில், நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றுவதுதான் செய்யக் கூடாத செயல். மேலோட்டமாக ஊற்றிய நீர் ஆவியாகி, உப்பை மட்டும் வேரருகே விட்டுச் செல்கிறது. இடைவெளி விட்டு, ஊற்றும் நாளில் வேரைத் தாண்டி இறங்கும் அளவுக்கு நிறைய ஊற்றினால், உப்பு வேருக்குக் கீழே கழுவப்பட்டுவிடும். மண் நன்றாக வடியும் இடத்தில்தான் இது பலிக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாடியில் விழும் ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கோடையில் இரண்டு மூன்று முறை ஊற்றினால், அதைவிடச் சிறந்த மருந்து வேறு இல்லை.

உப்புக் காற்றுக்குச் சுவர் எழுப்புவோர் பலர். திண்ணிய சுவரை மோதிய காற்று அதைத் தாண்டிக் குதித்து, மறுபுறம் சுழன்று செடியை முன்னிலும் மோசமாக அலைக்கழிக்கும். காற்றில் ஏறத்தாழப் பாதியை உள்ளே விடுகிற வேலியே நல்ல தடுப்பு. தென்னை மட்டையைச் சிறிது இடைவெளி விட்டுக் கட்டிய வேலியும், அதன் பின்னே வரிசையாக நட்ட விராலியும் போதும். வேலியின் உயரத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்குத் தொலைவு வரை உள்ளே காற்றின் வேகம் நன்றாகக் குறையும். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் முதல் வரிசையில் மணச்செடியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், உப்பைத் தாங்கும் சங்கங்குப்பியை நட்டு, அதன் மறைவில் மற்றவற்றை வளர்ப்பது அறிவுடைமை. காற்று ஓய்ந்த மாலையில் நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிடுவதும் பயன் தரும்.

இளம் இலை வெளிறுகிறது; நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது

இது இரும்புச்சத்துக் குறை. கறிவேப்பிலையில் மிகத் தெளிவாகத் தெரியும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மண்ணிலும், சுண்ணாம்பு இடித்துப் போட்ட பழைய சுவரோரத்திலும் மண்ணில் இரும்பு இருந்தாலும் அது வேருக்குக் கிடைப்பதில்லை. ஒரு பிடி மண்ணில் வினிகர் சில துளி விட்டால் நுரைத்துப் பொங்கும், அதுவே சான்று. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பையும் (இரும்பு சல்பேட்) ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றையும் கலந்து, மாலை வேளையில் இலையில் தெளித்தால் புதுத்துளிர் பச்சையாக வரும். ஆனால் மண் மாறாதவரை குறை திரும்பி வரும் என்பதால், அத்தகைய இடத்தில் கறிவேப்பிலையை விடுத்து நொச்சியை நடுவதே நிலையான தீர்வு.

ஆடிக் காற்றில் செடி சாய்கிறது, அடியோடு ஆடுகிறது

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை வீசும் காற்று எத்தகையது என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே அறியலாம். அந்தக் காற்றில் கிளை ஒடிவது இயல்பு. ஆனால் செடி அடியோடு ஆடி, தண்டைச் சுற்றி மண்ணில் வட்டமாக ஒரு துளை விழுமானால் குறை வேரில் இருக்கிறது. நர்சரியின் பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த செடியின் வேர், பையின் வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். மண்ணுக்கு வந்த பிறகும் அந்தச் சுழலை விட்டு வெளியேறாது. ஓராண்டுக்கு உட்பட்ட செடியாயின் மழைக்காலத்தில் தோண்டி எடுத்து, சுற்றிய வேர்களைக் கூரிய கத்தியால் நெடுக்காக மூன்று நான்கு இடங்களில் கீறிவிட்டு, மேலே பாதியாக வெட்டி மீண்டும் நடலாம். வாங்கும்போதே உயரமான செடியைத் தேடாமல், ஒரு முழத்துக்கு உட்பட்ட இளஞ்செடியை வாங்குவது இந்தத் தொல்லையைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும்.

முட்டுக்கம்பு வைப்பதானால் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்; கட்டுவதற்கு வாழைநாரையே பயன்படுத்துங்கள். தண்டு சிறிது அசைந்தால்தான் தடித்து வலுப்பெறும். நைலான் கயிற்றால் இறுகக் கட்டிய செடி, கயிறு பட்ட இடத்திலேயே ஒடியும். வைகாசி முடிவில் கிளைகளைக் குறைத்துவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பும் குறையும்.

அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் தழை நிற்கிறது

கவாத்து செய்யாததன் விளைவு. நொச்சியும் மருதாணியும் பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும் ஆற்றல் உடையவை. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் மீண்டு, முன்னிலும் அடர்த்தியாக வரும். துளசியும் நாய்த்துளசியும் அப்படியல்ல. இலையே இல்லாத மரத்த தண்டு வரை வெட்டினால் அவை துளிர்க்காமலே போய்விடலாம். எனவே பச்சை இலை உள்ள கணுவுக்கு மேலேதான் வெட்ட வேண்டும். புரட்டாசியில் வெட்டினால் வடகிழக்கு மழை வந்து துளிரை எழுப்பும். பங்குனி வெயிலில் வெட்டிய செடி, காய்ந்த குச்சியாகவே நிற்கக் கூடும். பூக்காத மருதாணிக்கும் இதே விடைதான்: அது புதுக்கிளையில் பூப்பது, வேலியாக நினைத்து மாதந்தோறும் நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தால் பூங்கொத்து வர வழியில்லை.

துளிர் சுருள்கிறது, இலை புள்ளியாகிக் காய்கிறது

துளசியின் இலை வெளிறிச் சுருண்டால், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு மையைத் தெளித்தது போன்ற எச்சப் புள்ளிகளுக்கு நடுவே, கண்ணாடி வலை போன்ற இறக்கையுடைய மிகச் சிறிய பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இவை இலைச் சாற்றை உறிஞ்சுபவை. பாதித்த கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். மேற்பக்கம் மட்டும் தெளிப்பதால் ஒரு பயனும் இல்லை.

கறிவேப்பிலையின் கொழுந்தில் வெள்ளை மெழுகு இழைகளோடு துளிர் முறுக்கிக்கொண்டால் அது சாறு உறிஞ்சும் வேறொரு பூச்சி. முறுக்கிய கொழுந்துகளைக் கிள்ளி அழிப்பதே பாதி மருத்துவம். பக்கத்தில் எலுமிச்சை இருந்தால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது, ஏனெனில் எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பச்சைத் தேமல் நோயை இந்தப் பூச்சிதான் பரப்புகிறது.

கறிவேப்பிலையிலும் குருந்திலும் இலையை விளிம்பிலிருந்து கடித்துத் தின்னும் புழுவை மட்டும் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இளமையில் பறவையின் எச்சம் போலத் தோன்றி, பின்னர் பசுமையாக மாறும் அந்தப் புழு, தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டி, கடும் வாடையை வீசும். அதுவே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப் போவது. நிலைபெற்ற குருந்து சில இலைகளை இழப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. சிறுசெடியாக இருந்தால் புழுவை எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே பாத்தியில் ஒன்று செழிக்க, மற்றொன்று மடிகிறது

தோவாளைப் பூச்சந்தையின் மருக்கொழுந்து மணத்தில் மயங்கி, அதையும் நொச்சியையும் ஒரே பாத்தியில் நடுபவர்கள் இந்த நிலையைக் காண்பார்கள். மருக்கொழுந்து அடிக்கடி ஈரம் கேட்கும் மென்செடி. நொச்சி அதற்கு நேர்மாறானது. ஒன்றுக்குப் பொருத்தமாக நீர் விட்டால் மற்றொன்று கெடும். நீர் வேண்டுபவற்றை வாசலருகே தொட்டியிலும், வேண்டாதவற்றைத் தொலைவில் தரையிலும் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மணமும் வறட்சியைத் தாங்கும் வலுவும் உண்டு என்பதற்காக உன்னிச்செடியையோ கம்யூனிஸ்ட் பச்சையையோ கொண்டுவந்து நட வேண்டாம். இரண்டும் அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து, நம் மலையடிவாரங்களை மூடிக்கொண்டிருப்பவை. உன்னியின் தழை ஆடுமாடுகளுக்கு நஞ்சும்கூட.

நட்டுச் சில நாள்களிலேயே காய்ந்துவிடுகிறது

சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தும் செடி சருகாகக் காய்ந்தால், அதைப் பிடுங்கி வேர்க்கட்டியை உடைத்துப் பாருங்கள். நர்சரிகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி வளர்த்த செடியின் கட்டி ஒருமுறை முழுதாக உலர்ந்துவிட்டால், பிறகு தண்ணீரை ஏற்க மறுக்கும். ஊற்றிய நீர் பக்கவாட்டில் வழிந்து மண்ணுக்குப் போக, உள்ளே தூள் பறக்கும். நடுவதற்கு முன் பையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, காற்றுக்குமிழி நிற்கும்வரை வைத்திருந்து, வெளிப்புற நார்க்கழிவைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டு நட வேண்டும். கிழக்குப் பகுதியில் நடுவதற்கு ஐப்பசியின் முதல் மழையே தக்க காலம். அப்போது நட்டது கார்த்திகை முடிவதற்குள் வேரூன்றிவிடும். முதல் மாதம் மழையில்லாத நாள்களில் மூன்று நாளுக்கு ஒருமுறையும், பிறகு முதல் கோடை முழுவதும் வாரம் ஒருமுறையும் நீர் தேவை; வறட்சியைத் தாங்கும் செடி என்பது இரண்டாம் ஆண்டிலிருந்துதான் பொருந்தும்.

காய்ந்தது போல நிற்கும் செடி இறந்துவிட்டதா என்று அறிய, நகத்தால் தண்டின் தோலைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் சற்றுக் கீழே, அங்கும் பழுப்பாயின் அடித்தண்டில் என்று இறங்கிக்கொண்டே சோதியுங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டிவிட்டு, மழை வந்து ஒரு மாதம் ஆகும்வரை காத்திருக்கலாம். தண்டின் அடியைச் சுற்றி மண்பூச்சு ஏறியிருந்து, அதைத் தட்டியதும் தோல் முழுவதும் வளையமாக உதிர்ந்தால் அது கறையான் தின்றது. அந்தச் செடி மீளாது. அதைப் பிடுங்கி, குழியிலுள்ள காய்ந்த கதம்பைத் துண்டுகளையும் பழைய வேர்களையும் ஒன்று விடாமல் பொறுக்கி அகற்றி, குழியைச் சில நாள் வெயிலில் ஆறப்போட்ட பிறகே அடுத்த செடியை அங்கே நட வேண்டும்.